திருக்கை மீன் போட்ட ரீ சேட்

மகனே,

உன் பாஸ்போட் தபாலில் வந்த அன்று அம்மா அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் உன்னிடம் தந்தார். இன்னும் பத்து நாளில் நீ கட்டாருக்குப் போய்விடுவாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே குசினியில் சாப்பிட்டுக்கொண்டு, அப்பா எனக்கு ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். நேரே சொல்ல நாலைந்து தடவை முயன்றேன். போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது தொண்டை வரைக்கும் வந்தது. நீ நின்று, "என்னப்பா?" என்று கேட்டாய். "ஒண்டுமில்லை, மழை வரும் போல கிடக்கு" என்றேன். வானம் துடைத்து வைத்ததுபோல வெளுத்துக் கிடந்தது. இனி வாயை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

திரேசம்மா மாமியின் வீட்டுத் தெருவால் நீ ஏழு வருடமாகப் போவதில்லை. கடைக்குப் போவதென்றாலும் கோயிலைச் சுற்றித்தான் போகிறாய். நான் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பாய். கவனித்தேன். கவனித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் அதைச் சொல்வதற்கு நாங்கள் ரீ சேட் அடிக்கப் பழகிய காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

உனக்குப் பதினாறு வயது வரைக்கும் நான் நல்ல தகப்பனாக இருக்கவில்லை. நீ கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் படகும் மீனும் கீறி வைத்ததற்காக ஒருநாள் அந்தக் கொப்பியையே கிழித்து அடுப்புக்குள் போட்டேன். நீ அழவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அதற்குப் பிறகு நீ என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தாய். அந்த மௌனம் உடைந்தது ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரனால். நான் வேலை செய்த துறைமுகத்தில் இறங்கி வந்த அவன் நெஞ்சில் பெரிய படம் அடித்த ரீ சேட் போட்டிருந்தான். நீ எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து தந்துவிட்டு, அவன் வாசல் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றாய். அப்போது கடைகளில் வெறும் வெள்ளைத் துணிக்கே வரிசை. அப்படி ஒரு சேட்டுக்கு நாங்கள் எங்கே போவது? என்ன நினைத்தேனோ, "நாங்களே அதைச் செய்து பாத்தால் என்ன?" என்று கேட்டுவிட்டேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் நீ என்னை நேராகப் பார்த்தாய்.

எனக்கு ஒரு வேலையும் தெரியாது. துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளில் அடித்திருக்கும் அடையாளங்களைக் கடதாசியோடு சரிபார்ப்பதுதான் என் தொழில். பெட்டியைத் திறப்பதில்லை, வெளியில் இருக்கும் அடையாளம் சரியென்றால் பெட்டி சரி. அந்த அடையாளங்களைத் தகட்டில் வெட்டி, மேலே மை தடவித்தான் அடிப்பார்கள். அதே முறையை நாங்கள் துணியில் செய்து பார்த்தோம். பழைய எக்ஸ்ரே படத்தைச் சுடுநீரில் ஊறப்போட்டுச் சுரண்டி, பிளேட்டால் எழுத்தை வெட்டினோம். மரச்சட்டத்தில் மெல்லிய ஓகண்டித் துணியை இழுத்து ஆணி அடித்து, அதற்குக் கீழே வெட்டிய படத்தை ஒட்டி, தேய்ந்த செருப்பின் றப்பர்த் துண்டால் மையை இழுத்தோம். முதலில் வெட்டியது 'திருகோணமலை'. ஞாபகம் இருக்கிறதா? சுழிகளுக்கு உள்ளே இருந்த துண்டுகள் எல்லாம் நிலத்தில் விழுந்து, 'ண' கறுத்த பணிஸ் உருண்டை மாதிரி வந்தது. அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்?" என்று கேட்டார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் வேலையில் ஒரு பெட்டியின் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். அதில் இருந்த ஆங்கில 'ஓ' இரண்டு துண்டாக இருந்தது. நடுத்துண்டு விழாமல் இருக்க மேலும் கீழும் ஒரு சிறிய பாலம் விட்டிருந்தார்கள். இருபது வருடமாக அந்த எழுத்தைத் தினம் பார்த்தவன் நான். அது இரண்டு துண்டு என்று அன்றைக்குத்தான் கண்டேன். ஓடிவந்து உனக்குச் சொன்னேன். பிறகு ஒவ்வொன்றாகப் பழகினோம். அடிமட்டத்தால் அளந்து எழுத்துகளுக்கு இடையில் ஒரே அளவு விட்டால் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியாது. எழுத்தை விட்டுவிட்டு இடைவெளியைப் பார்த்து வைக்க வேண்டும். சின்னப் படத்தைப் பெரிதாக்க, அந்தப் படத்திலும் பெரிய கடதாசியிலும் கட்டம் போட வேண்டும். மை தண்ணீராக இருந்தால் ஓரம் வழியும். இவை எல்லாம் படித்தவர்களுக்குச் சின்ன விஷயம். எங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு துணி பழுதானது.

துணி என்றவுடன் திரேசம்மாதான். பின்தெருவில் தையல் மெசின் வைத்திருந்தார். கணவர் மன்னார்ப் பக்கம் வேலைக்குப் போய் மாதம் ஒரு தடவை வருவார். மகள் கலியாணம் கட்டி மட்டக்களப்பில். வீட்டில் அவரும் அவர் மகன் நேசனும் மட்டும். உன்னோடு படித்த நேசனைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் எழுதாமல் இருக்கவும் ஏலாது. அவன் வருவதற்கு முன்னால் அவன் வாயால் அடிக்கும் சீக்காய்ச் சத்தம் வரும். வந்தவுடன் சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பான். நாங்கள் மை பூசிய கையோடு நிற்க, கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்து நியாயம் சொல்லுவான். நீ திருக்கை மீன் கீறினாய். புள்ளி, கண், செவுள் எல்லாம் வைத்துக் கீறினாய். வெட்டும்போது மூன்று தடவை கிழிந்தது. நேசன்தான் சொன்னான்: "எல்லாத்தையும் விடடா. உடம்பும் வாலும் மட்டும் காணும். மிச்சத்தைப் பாக்கிறவன் போட்டுக்கொள்ளுவான்."

அப்படித்தான் அந்தப் படம் பிறந்தது. மங்கல் மஞ்சள் துணியில் ஒரே கறுப்பு. நெஞ்சு நிறைந்த உடம்பு. வால் தோளுக்கு மேலால் ஏறி முதுகில் இறங்கும். தைத்த சேட்டில் அப்படி அடிக்க முடியாது என்பதால் திரேசம்மா துண்டு துண்டாக வெட்டித் தந்தார். நாங்கள் அடித்துக் கொடுக்க, தோள் மூட்டில் வால் சரியாகப் பொருந்தும்படி பிரித்துப் பிரித்துத் தைத்தார். "உங்கட மீன் என்ட கண்ணை எடுக்கப் போகுது" என்று பேசிக்கொண்டுதான் தைத்தார். நான் அதை வேலியில் கொழுவிவிட்டு ஒழுங்கையின் மறுமுனை வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். "நல்ல படமெண்டால் தூரத்தில வரேக்கையே ஆள் ஆரெண்டு தெரிய வேணும்" என்று பெரிதாக உனக்குப் பாடம் சொன்னேன். அப்படியொரு சேட் இந்த ஊரில் ஒன்றுதான் இருந்தது. படகு கட்டும் ஜெட்டியில் நிற்பவர்கள் எல்லோருக்கும் அது யாருடையது என்று தெரியும். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை.

அந்த மாசி மாதம் ஈச்சிலம்பற்றில் மாமாவின் வயலில் நெல் வெட்ட நீ வெளிக்கிட்டாய். நேசனும் தோப்பூரில் தன் சின்னம்மா வீட்டுக்குப் போக உன்னோடு மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறினான். வெள்ளிக்கிழமை காலை. நீ திருக்கை சேட். அவன் தாய் தைத்த நீலக் கட்டம் போட்ட சேட். அவன் புதன்கிழமைதான் திரும்புவான் என்று திரேசம்மாவுக்குச் சொல்லிவிட்டுப் போனான். நீ திங்கள் அல்லது செவ்வாய்.

திங்கள் காலை பத்து மணி இருக்கும். ஜெட்டியில் வேலை செய்யும் ஒருவர் நான் இருந்த இடத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "ஐயா, உங்கட மகன் ஊரில நிக்கிறாரோ?" என்றார். "இல்லை, ஈச்சிலம்பற்றுக்குப் போட்டான்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "நேற்றுப் பின்னேரம் மூதூரால வந்த மீன்பிடித் தோணி ஒண்டு காத்தில கவிண்டு போச்சு. தோணிக்காரனைக் காப்பாத்திப்போட்டினம். லோஞ்சைத் தவறவிட்ட பெடியன் ஒருத்தன் கேட்டு ஏறினவனாம். இண்டைக்குக் காலமை கரையில... ஐயா, உங்கட மகன்ட அந்த மீன் சேட்."

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. நடந்தேனா, யாராவது ஏற்றிப் போனார்களா தெரியாது. கையில் பென்சில் இருந்தது. அது மட்டும் தெரியும். பிரேத அறையில் இருந்த மனிதர் நல்லவர். வெள்ளைத் துணியை மெதுவாக இடையிலிருந்து நெஞ்சு வரைக்கும் விலக்கினார். மஞ்சள் துணி. கறுத்த திருக்கை. கழுத்துக்கு மேலே துணி மூடித்தான் இருந்தது. "முகத்தைப் பாக்கிறீங்களோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. நான் "வேண்டாம்" என்றேன். "ஓம், என்ட மகன்" என்றேன். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். வெளி அடையாளத்தைப் பார்த்துக் கையெழுத்து வைப்பதையே தொழிலாகச் செய்தவன், தன் பிள்ளை என்று நினைத்தவனுக்கும் அதைத்தான் செய்தேன். பயம் மகனே. பார்க்காத வரைக்கும் ஏதோ ஒரு நூல் அறாமல் இருக்கும் என்ற நப்பாசை.

வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலில் நின்று, "முகம் பாத்தனீங்களோ? நல்லாப் பாத்தனீங்களோ?" என்று என் சேட்டைப் பிடித்து உலுப்பினார். பார்க்கவில்லை என்று ஒரு தாய்க்கு எப்படிச் சொல்வது? "பாத்தனான். தண்ணியில கிடந்து முகம் அடையாளம் இல்லாமல் போச்சு. நீ பாக்க வேண்டாம்" என்றேன். ஒரு மூச்சில் வந்த பொய். அந்த நேரத்தில் அது இரக்கம் என்றுதான் நினைத்தேன்.

வீடு நிறைந்துவிட்டது. திரேசம்மா மெசினில் இருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். தரையில் தலையை மோதிய அம்மாவைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டு, "அழு பிள்ளை, அழு. என்ட கையால தைச்சதைப் போட்டுக்கொண்டே போட்டானே" என்று தானும் கதறினார். பிறகு எழும்பிக் குசினிக்குள் போய் அடுப்பு மூட்டி, வந்தவர்களுக்கெல்லாம் கோப்பி ஊற்றினார். எனக்கும் ஒரு கோப்பையைக் கையில் திணித்து, "குடியுங்கோ அண்ணை, விழுந்துபோடுவியள்" என்றார். நான் குடித்தேன். அந்தக் கோப்பியை நான் குடித்தேன் மகனே.

நாலு மணிக்கு நீ படலையைத் திறந்துகொண்டு வந்தாய்.

தோளில் புது அரிசிப் பை. முற்றத்தில் சனத்தைக் கண்டு உன் முகம் வெளிறியது. பையைப் போட்டுவிட்டு, "அப்பாவுக்கு என்ன நடந்தது?" என்று கத்தினாய். இறந்தது நான் என்று நீ நினைத்தாய். செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நின்றார்கள். அம்மா எழும்பவில்லை, தவழ்ந்து வந்து உன் காலைப் பிடித்தார். நான் சிரித்தேன். சத்தமாக, வெட்கமில்லாமல், நெஞ்சு வலிக்கச் சிரித்தேன். திரேசம்மா கரண்டியோடு குசினியிலிருந்து ஓடிவந்து, "மாதாவே, மாதாவே" என்று உன்னைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். உன் முதுகைத் தடவித் தடவி அழுதார். அந்தக் கை உன் கொலருக்குப் பின்னால் வந்து நின்றது. தன் தையல் தன் விரலுக்குத் தெரியாதா?

"இது நேசன்ட சேட்டெல்லோ?" என்றார்.

நீ ஒன்றும் தெரியாமல், "ஓம் மாமி. தோப்பூரில வச்சு மாத்திப் போட்டனாங்கள். மச்சான்மாருக்குக் காட்ட வேணுமெண்டு ஒரே கரைச்சல். அதுதான் என்டதைக் குடுத்தனான்" என்றாய்.

"அவன் எங்க?"

"அவன் நேற்றே வெளிக்கிட்டிட்டான் எண்டு சின்னம்மா சொன்னவ. இன்னும் வரேல்லையோ?"

நீ அதைக் கேட்டுவிட்டு எங்கள் எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாய். திரேசம்மா உன்னை விட்டுவிட்டு ஓரடி பின்னால் போனார். கீழே விழுந்த கரண்டியைக் குனிந்து எடுத்து மேசையில் வைத்தார். அந்த நேரத்தில் எனக்குள் என்ன இருந்தது என்று உண்மையைச் சொல்கிறேன். எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் சந்தோஷம் போகவில்லை. உன் பிள்ளை இல்லை, உன் பிள்ளை இல்லை என்று மனம் துள்ளிக்கொண்டு நின்றது. எதிரில் நிற்பவரின் பிள்ளை என்று தெரிந்துகொண்டே துள்ளியது. மனிதன் இப்படியும் இருப்பானா என்று என்னைக் கண்டு நானே அதிர்ந்துபோனேன். அந்த அதிர்ச்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். பிரேத அறை வாசலில், "முகம் சிதைஞ்சு கிடக்கு, நீங்கள் பாக்க வேண்டாம்" என்று அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொன்னேன். அவர் என் கையை விலக்கிவிட்டு உள்ளே போனார். நான் வெளியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெடுநேரம் கழித்து வந்தார். என் முன்னால் நின்று, "நித்திரை மாதிரிக் கிடக்கிறான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அடக்கத்தின்போதும் சொல்லவில்லை, இந்த ஏழு வருடத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. கடல் முகத்தைக் கெடுத்தது, சேட் ஆளை மாற்றியது என்றுதான் ஊர் இன்றைக்கும் சொல்கிறது. கடல் அந்தப் பிள்ளையின் முகத்தைத் தொடவே இல்லை மகனே. பார்த்திருந்தால் எனக்கு ஒரு கணம் போதும்.

நீ அதற்குப் பிறகு பென்சிலைத் தொடவில்லை. சட்டங்களை உடைத்து விறகோடு போட்டாய். ஒருநாள் குசினியில் அம்மாவிடம் நீ சொன்னது எனக்குக் கேட்டது: "நான் அந்தச் சேட்டைக் குடுக்காட்டி மாமிக்கு அப்பிடியொரு நாள் வந்திராதம்மா. என்ட சாவுக்கு வந்து அழவச்சு, பிறகு அவவின்ட பிள்ளையைக் காட்டினது நான்தான்." நான் அடுத்த அறையில் இருந்தேன். எழும்பி நாலடி வந்து, அது உன் பிழையில்லை, முகத்தைப் பார்க்காமல் கையெழுத்து வைத்தவன் நான் என்று சொல்லியிருக்கலாம். கதிரையை விட்டு எழும்பவில்லை. பத்திரிகையின் ஒரு பக்கத்தைத் திருப்பினேன். இந்தக் கடிதத்தில் நான் ஒத்துக்கொள்ளும் பிழைகளில் மிகப் பெரியது அதுதான். பிரேத அறையில் நடந்தது ஒரு நிமிடத்துப் பயம். இது ஏழு வருடம் தெரிந்துகொண்டே செய்தது. நீ சேட்டைக் கொடுத்தது நண்பன் ஆசைப்பட்டான் என்பதற்காக. அதில் ஒரு குற்றமும் இல்லை. நீ சுமந்தது என்னுடையது.

போகிற இடத்தில் இப்படி ஏதாவது நேரும். பார்க்கப் பயமான ஒன்றைத் துணியால் மூடிக்கொண்டு உன் முன்னால் கொண்டுவருவார்கள். பார்த்துவிடு. உன்னைப் பயந்தவன் என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதற்காக மட்டும் பொய் சொல்லாதே. அப்படிச் சொன்ன பொய்யை உனக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் தின்ன வேண்டிவரும். எனக்கு வேறு புத்திமதி சொல்லத் தகுதியில்லை.

போன செவ்வாய் நான் திரேசம்மா வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஒன்றுக்குக் கை பூட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு முகம் பார்க்காததை நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். மெசினை நிறுத்தினார்.

"தெரியும் அண்ணை" என்றார். "உள்ளுக்க போன உடனே தெரிஞ்சது. உங்களில வந்த கோவத்துக்கு அண்டைக்கு ஒரு பொல்லு கையில இருந்திருந்தால்... பிறகு யோசிச்சன். எனக்கெண்டால் துணியைத் தூக்கிப் பாக்க மனம் வந்திருக்குமோ? தெரியாது. ஆனால் ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. பத்து மணியிலயிருந்து பின்னேரம் வரைக்கும் என்ட பிள்ளை அங்க தனியக் கிடந்தவன். நான் உங்கட வீட்டில கோப்பி ஊத்திக்கொண்டு நிண்டனான். அதை மட்டும் என்னால மறக்க ஏலாது."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் நூலைக் கடித்து அறுத்தார். பிறகு, "உங்கட மகன் வெளிநாடு போறானாம் எண்டு கேள்விப்பட்டன். ஏன் என்னட்ட வாறானில்லை?" என்று கேட்டார். வெட்கப்படுகிறான், உங்கள் முகத்தில் முழிக்கப் பயப்படுகிறான் என்றேன்.

அவர் அந்தச் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வரச் சொல்லுங்கோ அண்ணை. ஞாயிறு பூசை முடிய வீட்டிலதான் நிப்பன். என்னட்ட இருக்கிற நேசன்ட கதை எல்லாம் சொல்லிச் சொல்லித் தேஞ்சு போச்சு. உங்கட மகனிட்ட எனக்குத் தெரியாத கதையள் இருக்குமெல்லோ? களவு செய்த கதையெண்டாலும் பரவாயில்லை, எனக்குப் பொய் சொன்ன கதையெண்டாலும் பரவாயில்லை. புதிசா ஒண்டு கேக்க வேணும்."

இப்படிக்கு,
அப்பா